நடுவில் இருந்த கறுப்புப் பட்டை

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணா, ரெண்டு மானிட்டர் போடலாமா, இல்ல பெருசா ஒண்ணே வாங்கிடலாமா?"

சேலம் அரிசிப்பாளையத்தில் கம்ப்யூட்டர் விற்பனையும் பழுதுபார்ப்பும் செய்கிறேன். இந்தக் கேள்விக்கு நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. என்ன வேலை, எப்படி உட்காருவீர்கள், மேஜை எவ்வளவு அகலம், கண்ணாடி போடுவீர்களா என்று துருவித் துருவிக் கேட்பேன். ஒரு ஆடிட்டர், "என்னங்க, பொண்ணு பாக்க வந்த மாதிரி கேக்கறீங்க" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். போகட்டும். காரணம் தெரியாமல் எதையும் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்காது. லாரி புக்கிங் ஆபீஸ் என்றால் இரண்டு: ஒன்றில் வண்டி எங்கே ஓடுகிறது என்று பார்க்கலாம், இன்னொன்றில் பில் போடலாம். படம், டிசைன் என்றால் பெரியதாக ஒன்று. இத்தனை வருஷமாக இதுதான் என் கணக்கு. அந்தக் கணக்கை உட்கார்ந்த இடத்திலிருந்தே கலைத்துப் போட்டவள் மெர்லின்.

மெர்லின் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவள். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, கோயில் மணி கேட்கும் தூரத்தில் வீடு. கணவர் ஜெரால்டுக்கு மேட்டூரில் கம்பெனி வேலை, ஷிப்டு முறை. மகள் ஜோஸ்லின் கைக்குழந்தையாக இருந்தபோது, வெளியே போய் வேலை பார்க்க வழியில்லாமல் வீட்டிலேயே ஆரம்பித்தது இந்தத் தொழில். எடப்பாடி, சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் கல்யாணத்தில் எடுத்த படங்களை அனுப்புவார்கள். இவள் அவற்றைப் பக்கம் பக்கமாக அடுக்கி, அலங்காரம் செய்து, பிரிண்ட் போடும் லேபுக்கு அனுப்பிவைப்பாள்.

ஆயிரக்கணக்கான பேருடைய கல்யாணத்தைப் பார்த்திருக்கிறாள், ஒரு கல்யாணத்துக்கும் போனதில்லை. ஒருமுறை புது பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத அம்மாள் ஒருவரிடம் போய், "உங்க பொண்ணுக்கு அந்தப் பச்சைப் பட்டு ரொம்ப எடுப்பா இருந்துச்சுங்க. இப்ப நல்லா இருக்காளா?" என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். பேச்சு குறைவு, சிரித்தால் மட்டும் வீடே அதிரும்.

டிசைன் வேலையானாலும் இரண்டு மானிட்டர்தான் வேண்டும் என்று அவள் கேட்டாள், நானும் கொடுத்தேன். ஆல்பத்தைத் திறந்தால் இடது பக்கமும் வலது பக்கமும் சேர்ந்து பாய் மாதிரி நீளமாக விரியும் அல்லவா, அதை அவர்கள் ஒரு ஷீட் என்பார்கள். அந்த ஷீட்டை இரண்டு மானிட்டரிலும் இழுத்துப் பரப்பிவிடுவாள். இடது பக்கம் இடது மானிட்டரில், வலது பக்கம் வலது மானிட்டரில். இரண்டின் சட்டங்களும் ஒட்டும் இடத்தில், நடுவே, விரல் பருமனில் ஒரு கறுப்புப் பட்டை. ஆல்பத்தில் மடிப்பு விழுவதும் சரியாக அதே இடத்தில்தான். தானாக அமைந்த பொருத்தம் அது.

ஆனால் அந்தப் பட்டைக்கு நேர் எதிரேதான் நாற்காலி. நேராகப் பார்த்தால் கறுப்புப் பட்டை, வேலையைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தைத் திருப்ப வேண்டும். வருஷக்கணக்காகத் திருப்பித் திருப்பி, போன வருஷம் கழுத்து பதில் சொல்லிவிட்டது. வலது கை விரல்கள் மரத்துப்போயின. மவுஸைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதே தெரியவில்லை என்றாள். டாக்டர் சுற்றி வளைத்துப் பேசவில்லை. நேராக உட்கார்ந்து நேராகப் பார்க்கிற மாதிரி மாற்றிக்கொள், இல்லாவிட்டால் இந்த வேலையை விட்டுவிடு என்றார்.

"உட்டுடு மெர்லின், நான் சம்பாதிக்கறது போதாதா?" என்றார் ஜெரால்ட். நல்ல மனுஷன், அக்கறையில் சொன்னதுதான். மெர்லின் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பிறகு என்னிடம் தனியாகச் சொன்னாள்: "எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுண்ணா. இது ஒண்ணுதான் நல்லா வரும்."

அதைக் கேட்டு எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அளவெடுக்கும் நாடாவோடு போய் மேஜையை அளந்து, பெரிய திரையாக ஒன்றை நானே தேர்ந்தெடுத்துக் கொண்டுபோய் மாட்டினேன். மொத்த ஷீட்டும் ஒரே திரையில், ஒரு வெட்டும் இல்லாமல் விரிந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. அவள் திரையின் நடுவே விரலால் தடவிப் பார்த்தாள்.

"நடுவுல ஒண்ணும் இருக்காதாண்ணா?"

"ஒண்ணும் இருக்காது. அதுக்குத்தானேம்மா இத்தன பாடு" என்று சிரித்தேன். பழைய இரண்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு மாதத்தில் விரல்களில் உணர்ச்சி திரும்பியது. அந்த நன்றிக்கு ஜெரால்ட் மேட்டூர் அணை மீனை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். என் மனைவிக்கு அதைச் சுத்தம் செய்து மாளவில்லை. எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்றிருந்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை மெர்லின் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அண்ணா, பழைய மானிட்டர் ரெண்டும் இருக்குதுங்களா? கொண்டாந்து மாட்டிடுங்க. இது வேணாம்."

"ஏம்மா, கழுத்து?"

"கழுத்து போனாப் போகுதுண்ணா."

நடந்தது இதுதான். எடப்பாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கவின்தான் அவளுக்கு அதிகமாக வேலை கொடுக்கிறவர். அவர் படம் அனுப்பி இவள் செய்த ஒரு கல்யாண ஆல்பத்தில், குடும்பமே வரிசையாக நிற்கும் பெரிய படத்தில், மடிப்பு போய்ச் சரியாகப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே விழுந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மணமேடையில் அந்த இருவருக்கும் நடுவே யாராவது கையை நீட்டித் தாம்பூலத் தட்டை வாங்கினாலே பெரியவர்கள் முறைப்பார்கள். ஆல்பத்தில் கோடே விழுந்தால் சும்மா விடுவார்களா?

கவின் கூப்பிட்டுக் கத்தியிருக்கிறார். "ஏனுங்க்கா, என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? மாப்பள ஊட்டு அம்மா ஆல்பத்த டேபிள் மேல வீசிட்டுப் போகுதுங்க. இத்தன வருசத்துல ஒருக்காகூட நீங்க இப்படிப் பண்ணுனது இல்லீங்களே! இன்னொருக்கா இப்படி வந்துச்சுன்னா நான் வேற ஆளத்தான் பாக்கோணும், சொல்லிப்போட்டேன்."

மற்ற ஸ்டுடியோக்காரர்களும் கவினுக்குத் தெரிந்தவர்கள்தான். அவர் போனால் வரிசையாக எல்லோரும் போவார்கள். ஆக, பழைய மானிட்டர்களை மாட்டினால் கழுத்து போகும், பெரியதை வைத்துக்கொண்டால் வேலை போகும். நான் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பொருள் இப்படி ஒரு இக்கட்டில் கொண்டுவந்து விட்டதே என்று எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, அதைவிட அதிகமாக, ஏன் இப்படி ஆனது என்று குடைச்சலாகவும் இருந்தது.

மறுநாள் சர்ச்சில் காலைப் பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பிய நேரத்துக்குப் போனேன். பழைய மானிட்டர்களை வண்டியிலேயே விட்டுவிட்டேன். ஜெரால்ட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மொதல்ல காரணத்தச் சொல்லு. அப்புறம் எறக்கறேன்" என்றேன்.

"காரணம் என்னண்ணா, அந்தப் பட்டை இல்ல. அதான் மடிப்பு எங்க வருதுன்னு தெரியாமப் போச்சு."

"அவ்வளவுதானே? நடுவுல ஒரு கோடு காட்டச் சொன்னா கம்ப்யூட்டரே காட்டுமே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "காட்டுதுண்ணா. நீலக் கலர்ல. அன்னிக்கும் காட்டிக்கிட்டேதான் இருந்துச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கோட்டப் பாத்துக்கிட்டேவா அங்க வெச்ச?"

"ஆமாண்ணா. அதுதான் எனக்கே புரியல." அவள் கண் கலங்கிவிட்டது. "கை சரியாயிடுச்சு. கண்ணு போயிடுச்சா?"

அவள் அழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. "சரி, பழசு ஏதாவது எடு, பாப்போம்" என்றேன். பழுது பார்க்கிறவன் புத்தி அது. ஓடாததை விட்டுவிட்டு, ஓடினபோது எப்படி ஓடியது என்று முதலில் பார்ப்பேன்.

இரண்டு மானிட்டர் காலத்து ஆல்பங்களைத் திறந்தாள். குடும்பப் படங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்றில்கூட மடிப்பு முகத்திலோ உடம்பிலோ விழவில்லை. எப்போதும் யாரோ இரண்டு பேருக்கு நடுவே சுத்தமாக இறங்கியது. ஆனால் எந்த இரண்டு பேர் என்பதுதான் ஒவ்வொன்றிலும் வேறாக இருந்தது. ஒன்றில் வரிசையின் இடது ஓரம், ஒன்றில் வலது, ஒன்றில் தாத்தாவுக்குப் பக்கத்தில்.

"எப்படிம்மா எடம் பாத்து வெப்ப?"

"மொகத்து மேல வரக்கூடாது, தோள் மேல வரக்கூடாது. படத்த நகத்திக்கிட்டே இருப்பேன். எங்கயாவது கொஞ்சம் சந்து இருக்கும்ல, பட்டை அங்க போய் உக்காந்துக்கும்."

"எல்லாப் படத்துலயுமா சந்து இருக்கும்? போட்டோகிராபர்தான் 'ஒட்டி நில்லுங்க, ஒட்டி நில்லுங்க'ன்னு உயிர எடுப்பானே?"

"எவ்ளோ சொன்னாலும் இருக்கும்ணா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொழிலைப் பற்றிப் பேச்சு வந்ததும் குரல் தெளிந்துவிட்டது. "எந்தக் குடும்பத்துலயும் ஒரு எடத்துல தோளும் தோளும் ஒட்டாது. இதப் பாருங்க, சங்ககிரி. லாரி வெச்சிருக்கறவங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரு. சிரிச்சுக்கிட்டுத்தான் நிக்கறாங்க. நடுவுல ஒரு சாண் எடம். அங்கதான் மடிப்பு. அடுத்த வருசமே ரெண்டு பேரும் பாகம் பிரிச்சு, வண்டியெல்லாம் தனித்தனியா ஓட்டறாங்களாம். போட்டோ எடுத்தவரு வந்து சொன்னாரு."

"இது?"

"திருச்செங்கோடு. மாமியாரும் பெரிய மருமகளும்."

சொல்லும்போதே அவளுக்கு என்னவோ பிடிபட்டுவிட்டது. ஷீட்டுகளை இன்னும் வேகமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒவ்வொரு மடிப்பிலும் யாரோ இருவர் ஒருவரையொருவர் தொடாமல் நின்றார்கள். இத்தனை வருஷமும் அவள் இதை யோசித்துச் செய்ததே இல்லை. யாருக்கு யாரோடு ஆகாது என்பது அவள் கைக்குத் தெரிந்திருக்கிறது, அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. என் தம்பி கல்யாண ஆல்பமும் இவள் செய்ததுதான். அதைத் திறக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"அப்ப எடப்பாடி படத்துலயும் எங்கயோ ஒரு சந்து இருக்கணும்ல? அத உட்டுட்டு ஏன் அங்க வெச்ச? அதக் கண்டுபிடிச்சா, கோட்ட அங்க மாத்திடலாம்" என்றேன்.

படத்தைத் திறந்தாள். பெரிய திரை முழுக்க அந்தக் குடும்பம் வந்து நின்றது. பின்னால் சிவப்புத் திரைச்சீலை. மாப்பிள்ளை பக்கம் ஆட்கள் அதிகம், பெண் பக்கம் குறைவு. மாப்பிள்ளை பெயர் இளஞ்செழியன், பெண் சுகன்யா என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தோம். பெண்ணின் மாமா, அத்தை, தோள் மேல் தோள். சித்தப்பா, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா. பெண்ணின் அம்மா மகளோடு ஒட்டிக்கொண்டு நின்றார். வலது பக்கம் போனோம். மாப்பிள்ளையின் அப்பா, பெரியப்பா, அம்மா, அக்கா, அக்கா கணவர், ஓரத்தில் பாட்டிமார் நான்கு பேர். நூல் விட இடமில்லை. இப்படி ஒட்டி நிற்கிற குடும்பத்தை இதுவரை பார்த்ததில்லை என்றாள் மெர்லின். நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். இரண்டு பக்கமும் எங்குமே சந்து கிடைக்கவில்லை.

அப்போதுதான் மெர்லின் ஒன்றைக் கவனித்தாள். இடது ஓரத்தில் திரைச்சீலை மட்டும் வெறுமையாக நீண்டிருந்தது.

"இது ஒரிஜினல்ல இல்லண்ணா. நான் போட்டது. துணிய நகல் எடுத்து, மடிப்பு மடிப்பா ஒட்டி... அரை நாள் வேலை."

"எதுக்கு?"

"பொண்ணு பக்கம் ஆள் கம்மி. அப்படியே வெச்சா நடுக்கோடு மாப்பிள்ளையோட அப்பாவுக்கு அந்தப் பக்கம் வரும். இங்க துணியச் சேத்ததாலதான்..."

வாக்கியத்தை முடிக்காமல் திரையின் நடுவே விரலை வைத்தாள். பெண்ணின் தோளுக்கும் மாப்பிள்ளையின் தோளுக்கும் இடையில் ஒரு கை அகலத்துக்குச் சிவப்புத் துணி தெரிந்தது. அந்தப் படத்தில் ஒட்டாத இடம் அது ஒன்றுதான். சுற்றி நின்ற அத்தனை பேரும் இரண்டு பக்கமும் நெருக்கித் தள்ளியும், அந்த இடம் மட்டும் அப்படியே இருந்தது.

அவள் கண்ணும் போகவில்லை, கையும் தவறவில்லை. கறுப்புப் பட்டை இல்லாமலே அவள் கை வழக்கமான இடத்தைத் தேடிப் போயிருக்கிறது. அரை நாள் பாடுபட்டு அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. எனக்குச் சந்தோஷப்படத்தான் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணின் சிரிப்பை அதற்கு மேல் பார்க்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

"புதுசுல கூச்சமா இருக்கும்மா" என்று ஒப்புக்குச் சொன்னேன்.

"கூச்சம்னா தோள் ஒட்டிக்கிட்டு மொகம் திரும்பும்ணா. எத்தன பாத்திருக்கேன்."

ஷீட்டை எப்படி மாற்ற வேண்டும் என்று கல்யாணப் பெண்ணே கூப்பிட்டுச் சொல்லும் என்று கவின் முன்பே சொல்லியிருந்தார். பதினொரு மணி வாக்கில் அந்த அழைப்பு வந்தது. மெர்லின் போனை மேஜைமேல் வைத்து, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, சுகன்யா பேசறனுங்க. எடப்பாடியிலிருந்து. அந்த ஆல்பம்..."

"சொல்லும்மா. தப்பு என்னோடதுதான். மாத்திடறேன்."

"அத்தை எங்கள ரெண்டு பேரையும் ஒரே பக்கத்துல வெக்கச் சொல்லுச்சுங்க. கோடு வேற எங்க வந்தாலும் பரவால்லீங்களாம்."

"சரிம்மா. இன்னிக்கே பண்ணிடறேன்."

பேச்சு முடிந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் போனை வைக்கவில்லை. பின்னால் எங்கேயோ தறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மெர்லினும் வைக்கவில்லை.

"ஏனுங்க்கா," குரல் தணிந்து வந்தது, "கோட்ட அங்க வெக்கோணும்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

மெர்லின் என்னைப் பார்த்தாள்.

"யாரும் சொல்லலம்மா. எனக்காவே தோணுச்சு."

"எங்கம்மாவுக்குக்கூடத் தெரியலீங்க்கா. பக்கத்துலதான் நின்னுச்சு. அத்தைக்குக் கோடுதான் தெரியுது. நீங்க என்னய நேர்ல பாத்ததுகூட இல்ல." சிரிப்பது போல ஆரம்பித்து, பாதியில் குரல் உடைந்துவிட்டது. "ஆல்பம் வந்தன்னிக்கு அந்தப் பக்கத்தத் தொறந்துட்டு, அப்பாடா, ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்குதேன்னு இருந்துச்சுங்க."

நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். எவ்வளவு ஆர்வக்கோளாறு இருந்தாலும், அதற்கு மேல் கேட்பது எனக்கு முறையாகப் படவில்லை. உள்ளேயிருந்து மெர்லின் பேசுவது மட்டும் துண்டுதுண்டாகக் காதில் விழுந்தது. "அழாத சாமி... இந்த நம்பர எம் பேருல போட்டு வெச்சுக்க... நேரம் காலம் பாக்காதே, கூப்பிடு."

திரும்பி உள்ளே போனபோது அவள் நேராக உட்கார்ந்து வேலையை ஆரம்பித்திருந்தாள். கழுத்து திரும்பவில்லை. இடது ஓரத்தில் சேர்த்த துணியை எடுத்துவிட்டு, மாப்பிள்ளையின் அப்பாவையும் பெரியப்பாவையும் வெட்டிப் பிரித்து, இருவருக்கும் நடுவே ஒரு கை அகலத்துக்கு இடம் உண்டாக்கிக்கொண்டிருந்தாள். மடிப்பு இனி அங்கே விழும். ஒற்றுமையாக நின்ற அண்ணன் தம்பியை அநியாயமாகப் பிரித்துவிட்டாயே என்று கேலி வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"அப்படியே அந்த ரெண்டு பேரையும் கொஞ்சம் கிட்டத்துல நகத்திடேன்மா. உனக்குப் பத்து நிமிஷ வேலை" என்றேன்.

மவுஸ் நின்றது.

"நகத்திட்டா, அப்புறம் ஒருத்தருக்கும் தெரியாமப் போயிடுமேண்ணா" என்றாள்.

வண்டியில் இருந்த இரண்டு மானிட்டர்களையும் இறக்காமலே கடைக்குத் திரும்பினேன். மறுநாளே அந்தப் பெண் கூப்பிட்டாளாம். வெகுநேரம் பேசியிருக்கிறாள், ஆல்பத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தைகூட இல்லையாம்.